குடைத்துணித் திரை

அத்தியாயம் 7

தெருவில் அந்த மாலுமியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. பால்காரர் பார்த்திருக்கிறார்: விளக்குக் கம்பம் மாதிரி உயரம். மளிகைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார்: கட்டைகுட்டையான ஆள், மார்பு வரைக்கும் தாடி. முனைவீட்டு டீச்சர் பார்த்தபோது தாடி இல்லை; கையில் ஒரு கூண்டும் கூண்டுக்குள் ஒரு கிளியும் இருந்தன. கிளி கெட்ட வார்த்தை பேசியது என்றும் டீச்சர் சொன்னார். என்ன வார்த்தை என்று கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாவம் அண்ணி அந்த ஆளு," என்றான் ரேடியோ. "நெடுநெடுன்னு வளரணும், உடனே குறுகணும், தாடி வைக்கணும், எடுக்கணும். இதுக்கு நடுவுல கப்பலும் ஓட்டணும்."

அண்ணி சிரிக்கவில்லை. ரேடியோவின் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்று கல்யாணமாகி வந்த முதல் வாரமே முடிவு செய்தவர் அவர்.

ரேடியோ என்பது அவன் பெயரில்லை. அணைக்கப் பொத்தான் இல்லாத வாய் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும் கல்யாணம் ஆகாததற்கு அந்த வாய்தான் காரணம் என்று ஊர் சொல்கிறது, நமக்கென்ன வந்தது. அண்ணன் இறந்த பிறகு அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன். அலுவலகம் என்றால் அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு நாற்காலி, இரண்டுமே ஆடும். ஓடிப்போன கணவன்மார்களைத் தேடுவதுதான் அங்கே வழக்கமான வேலை. கிடைத்தவர்களைப் பார்த்ததும் பாதி மனைவிமார்கள் "இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த முறை வந்தது வீட்டுவரி வழக்கு. கொண்டுவந்தவள் தையலக்கா. அவள் கணவனும் ஓடிப்போனவன்தான். ஆனால் அவனைத் தேடச் சொல்லி அவள் வரவில்லை. அவன் ஓடியபோது தன் அப்பாவை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். மாமனாருக்குக் கண் தெரியாது. அதைவிடச் சரியாகச் சொன்னால், அந்த வீட்டுக்குள் மட்டும் தெரியும். மற்ற இடங்களில் தடியும் ஒரு தோளும் இல்லாமல் ஓரடி வைக்கமாட்டார். வீட்டுக்குள்ளோ தட்டில் டீ கிளாஸ்களை ஏந்திக்கொண்டு, தையல் மிஷினுக்கு ஒரு சாண் முன்னால் திரும்பி, விருந்தாளியின் கைக்கே கொண்டுவந்து நீட்டுவார்.

அந்த வீட்டுக்குத்தான் வரி இரட்டிப்பாகி வந்திருந்தது. நகர மன்றத்தின் நியாயம் எளிமையானது. ஒரு தெருவில் ஒரே ஒரு மாடி வீடு முளைத்துவிட்டாலும் தெரு மொத்தமும் மாடித் தெரு. மாடித் தெருவில் ஓட்டு வீடும் மாடி வீட்டு வரிதான் கட்ட வேண்டும். தையலக்காவின் எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் போன வருடம் மாடி எழுப்பினார். அதில் ஒரு மாலுமியைக் குடிவைத்திருப்பதாகவும் சொன்னார். தெரு வாய்விட்டுப் புலம்பியது. ஆனால் விலாசம் கேட்டவர்களிடம் "மாடித் தெருங்க" என்று நிமிர்ந்து சொல்லவும் பழகிக்கொண்டது. அப்பீல் போட்டவள் தையலக்கா ஒருத்திதான். தள்ளுபடியானால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. விசாரணை மறுநாள்.

"ஆள் இல்லாம பூட்டிக் கிடக்கிற மாடிக்கு விலக்கு உண்டு," என்று அண்ணி கண்டுபிடித்திருந்தார். "அந்த மாலுமின்னு ஒருத்தன் இல்லைன்னா நாம ஜெயிச்சோம்."

தையலக்காவின் முன்னறையில் உட்கார்ந்து மூவரும் எதிர்வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பக்கம் கிடங்கின் நெடுஞ்சுவர், மறுபக்கம் கிளை விரித்த பெரிய மரம், பின்னால் யாரும் மூக்கைப் பிடிக்காமல் போகமுடியாத சாக்கடைக் கால்வாய். அந்த மாடியைத் தெருவில் நின்றுதான் பார்க்கமுடியும். மூன்று ஜன்னல். மூன்றிலும் நீலத் திரை.

"நீ அந்த மாலுமியைப் பாத்திருக்கியாம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லக்கா. இருட்டினப்புறம் வருவாராம், விடியறதுக்குள்ள கப்பலுக்குப் போயிடுவாராம். ஆனா சாயங்காலம் மேல வெளிச்சம் தெரியும்."

"வரிக்கு அளக்க வந்தவர் மேல ஏறிப் பாத்தாரா?"

"அவர் யார் வீட்டு வாசப்படியும் ஏறலைக்கா. தண்ணி குடுத்தேன், அதைக்கூட வாங்கிக்கலை. தெருவுல நின்னே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. தங்கமான மனுஷன்னு தெருவே சொல்லிச்சு."

காற்று அடித்தது. எதிர்வீட்டு மாடித் திரைகள் மூன்றும் ஜன்னலைத் தாண்டித் தெருப்பக்கம் புடைத்தன. அண்ணியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"கால்வாய்ப் பக்கத்துலேருந்துதான். மூக்குக்குத் தெரியலையா அண்ணி?" என்றான் ரேடியோ.

"கால்வாய்க் காத்து, பின்சுவர், அறை, சாமான் எல்லாத்தையும் தாண்டி வந்து தெருப்பக்கம் திரையைத் தள்ளுதா? அந்தத் திரை யாரு தைச்சது?"

"நான்தான்கா," என்றாள் தையலக்கா. "குடைத் துணி. கடிகாரய்யாவே வாங்கிக் குடுத்தாரு. ஊசிதான் ஒடிஞ்சுது. ஜன்னலுக்கு உள்ள தொங்கற திரைக்கு எதுக்குங்கய்யா குடைத் துணின்னு கேட்டேன். மாலுமி தண்ணியிலேயே பழகினவர்ம்மான்னாரு."

"படுக்கையிலேயும் நீச்சல் போல," என்றான் ரேடியோ.

அண்ணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

ஊரில் ஜன்னல் சட்டம் வாங்க வேண்டுமென்றால் மரக்கடைக்காரரிடம்தான் போகவேண்டும். இழைத்த மரத்தூள் மீசையில் படிய உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு இன்னொரு பெருமையும் உண்டு: வரி அப்பீல்களை விசாரிக்கும் மூன்று பேர் குழுவில் அவர் ஒருவர். மூன்றாவது பெருமையை அவரே சொன்னார்.

"கடிகாரக்காரர் வீட்டு மாடி ஜன்னலா? இங்கேருந்து போனதுதாம்மா. எனக்கு வரப்போற சம்பந்தி அவர். அவர் பொண்ணை என் பையனுக்குப் பேசி முடிச்சாச்சு. லாபம் வைக்காம மூணு சட்டம் குடுத்தேன். அந்த மாடியிலதான் என் பையன் குடித்தனம் பண்ணப் போறான்."

"அங்க ஒரு மாலுமி இருக்காராமே?"

"காலி பண்ணச் சொல்லியிருக்கேன்."

"என்ன சொல்றாரு?" என்றான் ரேடியோ.

"கப்பல்லேருந்து பதில் வரணுமாம்."

"நீங்க மேல போய்ப் பாத்திருக்கீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

மரக்கடைக்காரர் முகம் சுளித்தார். "குடியிருக்கவர் பூட்டிட்டுப் போயிருக்காரு. அடுத்தவன் வீட்டை எட்டிப் பாக்கற வம்சமா நாங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்களும் மாடி கட்டற யோசனையில இருக்கோம். அவர் போட்ட மாதிரியே கதவு வேணும். அதையும் நீங்கதானே குடுத்தீங்க?"

"அதுதாம்மா எனக்கு வருத்தம். கதவை மட்டும் என்கிட்ட கேக்கவே இல்ல. வேற எங்கயோ வாங்கியிருக்காரு. சம்பந்தின்னாலும் மனசு கேக்கலை பாருங்க."

வேறு எங்கும் வாங்க முடியாது. ஊரில் இருப்பது அந்த ஒரு மரக்கடைதான். கடையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி நடையைக் குறைத்தார்.

"ஜன்னல் மூணு. கதவு ஒண்ணுகூட இல்ல. மழைக்குத் திரை போட்டிருக்காரு, மனுஷன் நுழைய வழி போடலை."

ரேடியோ வாயைத் திறந்தான். மாலுமி கிளி மாதிரி ஜன்னல் வழியே பறந்து போவான் என்று சொல்ல நினைத்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். கண்டுபிடித்துவிட்ட முகம்தான் அது. ஆனால் கண்டுபிடித்தவர்களுக்கு வருகிற சந்தோஷம் அதில் இல்லை.

*

கடிகாரக்காரரின் கடை, இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே மறந்துபோய் விட்ட இடைவெளி மாதிரி இருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார்.

"அந்த ஜன்னலுக்குப் பின்னாடி என்னய்யா இருக்கு?" என்றார் அண்ணி.

அவர் நிமிரவில்லை. இடுக்கியில் பிடித்திருந்த சின்னச் சக்கரத்தைப் பத்திரமாகக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு சொன்னார்:

"வானம்."

ரேடியோ மேசைமேல் குனிந்தான். "அப்ப... மாடி?"

"ஒத்தைச் சுவர் தம்பி. பின்னாடி முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது. "மாடி இல்லாத வீட்ல பொண்ணு எடுக்கறதில்லைன்னு சொல்லி அனுப்பினாங்க. இதுக்கு முந்தி ரெண்டு இடம் வந்து வாசலைப் பாத்துட்டு அப்படியே திரும்பிடுச்சு. அறை கட்ட எனக்கு வக்கில்ல. சுவர் கட்ட இருந்துச்சு."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதான் சாயங்காலம் ஏணி வச்சு ஏறி விளக்கு வைக்கறா."

"கல்யாணத்துக்கு அப்புறம் என்ன பண்றதா இருந்தீங்க?"

"மாலுமியைக் கடல்ல முழுகவிட்டுடலாம்னு இருந்தேன். துக்க வீடு, கொஞ்ச நாள் யாரும் மேல போகவேணாம்னு சொல்லலாம். அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பழகிடுவாங்க. பழகினப்புறம் மாடி எதுக்கு?"

"ஆளு போனா போகட்டும். கிளியையாவது காப்பாத்துங்க," என்றான் ரேடியோ. வழக்கம்போல அவனுக்குத் தெரியாமலே வந்துவிட்டது.

கடிகாரக்காரர் நிஜமான குழப்பத்தோடு பார்த்தார். "எந்தக் கிளி?"

அவர் சொன்ன பொய்யில் கிளி இல்லை. அது தெரு சேர்த்துக்கொடுத்தது.

"உங்க சுவரால எதிர்வீடு போகப்போகுதுய்யா," என்றார் அண்ணி. "நாளைக்கு அப்பீல்."

"வரி என் ஒருத்தனுக்குத்தான் ஏறும்னு நினைச்சேன்ம்மா. தெருவுக்கே ஏறும்னு சத்தியமா தெரியாது." மேசை மேல் இருந்த கடிகாரங்கள் எல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. "நாளைக்குச் சொல்லிடுவீங்களா?"

அண்ணி எழுந்தார்.

*

அன்று சாயங்காலம் தையலக்கா முழுவதையும் கேட்டாள். கேட்கும்போதே கால் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்தது வெள்ளைத் துணி. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண உடுப்பு.

"நாளைக்கு நான் என்ன சொல்லணும்கா?"

"நடந்ததைச் சொல்லலாம். சொன்னா இந்த வீடு தப்பும். எதிர்ல இருக்கறவளோட கல்யாணம் தப்பாது."

"சொல்லலைன்னா?"

"அப்படியே தலைகீழா."

மாமனார் உள்ளேயிருந்து வந்து, மிஷினுக்கு ஒரு சாண் முன்னால் திரும்பி, சுவரில் இருந்த ஆணியில் துண்டை மாட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டு நீலத் திரைக்குப் பின்னால் விளக்கு ஏறியது. தையலக்கா இரண்டையும் பார்த்தாள். ஓரம் மடித்து முடித்து நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

*

அப்பீல் குழுவின் அறையில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர், தலைக்குமேல் ஒரு மின்விசிறி. விசிறிக்கு மேசைமேல் மட்டும்தான் காற்று வீசத் தெரியும். பெஞ்சில் இருப்பவர்கள் தங்கள் முறை வரும்வரை வேர்க்கவேண்டியதுதான். முதலில் போனவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் கார் கிடையாது, மாமியார்தான் இருக்கிறார் என்று வாதாடித் தோற்றார்.

"அடுத்து," என்றார் தலைவர்.

தையலக்கா எழுந்தாள். "எதிர்வீட்டு மாடியில குடி யாரும் இல்லீங்க. அதனால எங்க தெருவை மாடித் தெருவுல சேர்க்கக்கூடாதுங்க."

மேசையின் ஓரத்திலிருந்து மரக்கடைக்காரர் சிரித்தார். "யாரும் இல்லையா? மாலுமி இருக்காரும்மா. அப்புறம் என் பையன் இருக்கப் போறான். ஜன்னலே என்னோடது."

"குடியில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

கடைசி பெஞ்சில் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் பெண். தையலக்கா திரும்பி அவர்களைப் பார்த்தாள். ரேடியோ பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து மனசுக்குள் கெஞ்சினான்: சொல்லிடுக்கா, ஒத்தைச் சுவர்னு ஒரு வார்த்தை.

"இல்லீங்க," என்றாள். "நான் பாக்கலை."

ரேடியோ பாதி எழுந்துவிட்டான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். "அவ வீடு. அவ வாய். நீ உக்காரு."

"பாக்காமலே அப்பீலா?" தலைவர் பேனாவை எடுத்தார். "தள்ளு..."

"நான் பாத்திருக்கேங்க."

கடிகாரக்காரர் எழுந்து நின்றிருந்தார். பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் உட்காரவில்லை.

"அங்க மாலுமியும் இல்ல, மாடியும் இல்ல. வெறும் சுவருங்க. பின்னாடி ஒண்ணுமே கிடையாது. அந்தம்மாவுக்கு நேத்தே தெரியும். என் பொண்ணுக்காக வாயைத் திறக்கலை. அவங்க வீட்டை விட்டுடுங்க."

மரக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் குடுத்த ஜன்னல்?"

"சுவத்துலதாங்க இருக்கு."

மரக்கடைக்காரர் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் பக்கத்துக் கதவு வழியே வெளியேறினார். கல்யாணமும் அவர் பின்னாலேயே போய்விட்டது என்று பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பெண் அழவில்லை. அப்பாவின் சட்டையை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தை நீவிவிட்டாள்.

ரேடியோ மூச்சு விட்டான். ஒன்று போனது, ஒன்றாவது தேறியது. தையலக்காவைப் பார்த்துத் தலையாட்டினான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா இதுக்கும் அப்பீலுக்கும் சம்பந்தமில்லையே."

"மாடியே இல்லைங்கறாரே," என்று அண்ணி எழுந்தார்.

"அம்மா, எங்க விதி தெருவுல நின்னு பாக்கறது. ஒரு காலத்துல ஆளுங்க வீட்டுக்குள்ள போய் அளந்தாங்க. உள்ள போனா கை நனைச்சுட்டு வர்றாங்கன்னு நீங்கள்லாம்தான் புகார் குடுத்தீங்க. அன்னிலேருந்து வாசப்படி ஏறக்கூடாது, தண்ணிகூட வாங்கக்கூடாது. தெருவுலேருந்து பாத்தா மாடி தெரியுதா? தெரியுது. அதோட முடிஞ்சுது."

"அப்ப ஆளில்லாத மாடிக்கு விலக்கு இருக்கே, அதையாவது குடுங்க."

"அது பூட்டின மாடிக்கு. பூட்டைக் காட்டணும். பூட்டறதுக்கு அங்க கதவு இருக்கா?"

கதவு இல்லை என்று ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவர் அண்ணிதான்.

"சுவரை இன்னிக்கே இடிச்சிடறேங்க," என்றார் கடிகாரக்காரர்.

"இடிங்க. அடுத்த மதிப்பீட்டுல பாத்துக்கலாம். அது எப்போன்னு மன்றம்தான் முடிவு பண்ணணும்." தலைவர் தாளைப் புரட்டினார். "அடுத்து."

*

தையலக்காவின் வீட்டை வாங்கியவர், மாடித் தெருவில் வீடு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார். முனைவீட்டு டீச்சர் வழியனுப்ப வந்தார். அந்தக் கிளி விஷயத்தில் தனக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது தூறல் போட்டது. கடிகாரக்காரரின் பெண் ஏணியில் ஏறி மூன்று திரைகளையும் கழற்றிக்கொண்டு வந்தாள். அவற்றைத் தையல் மிஷின்மேல் போர்த்தினாள். அவளுக்கு என்று தைத்த வெள்ளை உடுப்பும் அந்த மிஷினின் இழுப்பறையில்தான் மடித்துக் கிடந்தது. தையலக்கா எடுத்துக் கொடுக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. எதிரே மூன்று ஜன்னலிலும் சாம்பல் நிற வானம் தெரிந்தது. தெரு நிமிர்ந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தது.

தையலக்காவுக்குக் கட்டுப்படியான வாடகைக்குக் கிடைத்தது, அண்ணியின் அலுவலகத்துக்குப் பக்கத்தில், அச்சகத்துக்கு மேலே ஓர் அறை. நிஜமான மாடி. வெளிப்பக்கமாக ஏறும் குறுகலான படிக்கட்டு, பிடித்துக்கொள்ள ஒரு துருப்பிடித்த கம்பி.

மிஷினை ஏற்றிவிட்டு இறங்கிவந்த ரேடியோ மாமனார் பெரியவரின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டான். மற்றொரு கையால் அவர் ஈரமான சுவரைத் தடவினார். தெரிந்தது எதுவும் அகப்படவில்லை. காலை எடுத்து முதல் படியில் வைத்தார்.

"எத்தனை படி தம்பி?"

ரேடியோ மேலே பார்த்தான். வாசலில் தையலக்கா நின்றுகொண்டிருந்தாள். கீழே அண்ணி, பெரியவரின் தடியோடு.

"ஒண்ணுதான் ஐயா."

பெரியவர் ஏறினார். கால் அடுத்த படியில் இடித்தது.

"இன்னும் இருக்கே?"

"ஒண்ணுதான்."

ஏறினார். மறுபடி இடித்தது. இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான்.

"ஒண்ணுதான் ஐயா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."